எந்தப் புயல் பெருசு: காசுக் கணக்கா, சாவுக் கணக்கா?

ஒசூர்க்காரன்:
ரெண்டு நாளா எல்லாரும் 2024 கடைசில நம்மள அடிச்ச ஃபெஞ்சல் புயலையும் அமெரிக்காவோட கத்ரீனா புயலையும் ஒரே தராசுல வச்சி பேசிக்கினு இருக்கீங்க. கோச்சிக்காதீங்க, அது ஒப்பிடற விஷயமே இல்ல. 2005 கத்ரீனா 125 பில்லியன் டாலர் நஷ்டம், 2017 ஹார்வியும் அதே 125. நம்ம பக்கம் பெரிய பணச்சேதம்னு சொல்ற 2020 ஆம்பன் கூட 14 பில்லியன் கிட்டதான். சோகத்தை தள்ளி வச்சிட்டு நம்பரை மட்டும் பாருங்க, உலகத்துலயே பெரிய அடி வாங்குனது அமெரிக்காதான்.

ஊத்தங்கரை மாமா:
தம்பி, காசுல அளந்தா காசுக்காரன் வூட்டு மேல விழுந்த புயல்தான் பெருசா தெரியும். 1970ல போலா புயல், இன்னிக்கு பங்களாதேஷ்னு சொல்ற இடத்துல, 3 லட்சத்துல இருந்து 5 லட்சம் பேரை வாரிக்கினு போச்சு. 2008ல மியான்மர்ல நர்கீஸ், 1,38,000 பேர். அவங்க இருந்த ஓலைக்குடிசைக்கு டாலர்ல என்னா வெல போடுவ நீ?

பாலக்கோடு தக்காளி:
மாமா ஆரம்பிச்சிட்டாரு. டீ சொல்லுங்கப்பா.

ஒசூர்க்காரன்:
சரி மாமா, சாவுக்கே வரேன். சாவு எண்ணிக்கை புயலோட அளவு இல்ல, அரசாங்கம் எவ்ளோ தயாரா இருந்துச்சுன்றதோட அளவு. 1999 ஒடிசா புயல்ல கிட்டத்தட்ட 10,000 பேரு செத்தாங்க. அதே ஒடிசாவுல 2019 ஃபானி வந்தப்போ 12 லட்சம் பேரை முன்கூட்டியே கெளப்பிட்டாங்க, செத்தது 64 பேரு. அப்போ ஃபானி சின்னப் புயலா? இல்ல. ஆள தூக்கிட்டு போய் ஸ்கூல்ல உக்கார வைக்கலாம், வூட்டையும் தென்னந்தோப்பையும் தூக்க முடியாது. அதனால காசுதான் புயலோட நெஜ பலத்தை காட்டும்.

அரூர் டீச்சர்:
இதுல தான் நீங்க வழுக்கறீங்க. காசு மட்டும் புயல் பலத்தையா காட்டுது? காத்து வேகத்தை வச்சி புயலை அஞ்சு வகையா பிரிப்பாங்க, கத்ரீனா கரை ஏறும்போது வெறும் மூணாம் வகை. நியூ ஆர்லியன்ஸ் ஊர்ல 80 சதவீதம் முழுகுனது காத்தால இல்ல, வெள்ளத்தடுப்பு கரை அம்பதுக்கு மேல இடத்துல ஒடஞ்சதால. கரையை ஒழுங்கா கட்டி இருந்தா உங்க 125 பில்லியன் எங்க போயிருக்கும்? இன்னொண்ணு, ஹார்வியும் 125ன்னு நீங்களே சொல்றீங்க, அதுல செத்தது மொத்தமா நூறு பேரு சுமார், கத்ரீனால ஆயிரத்துக்கும் மேல. காசு ஒண்ணு, சாவு பத்து மடங்குக்கு மேல. இந்த ரெண்டையும் ஒரே வரிசையில எப்படி அடுக்குவீங்க?

ஃபெஞ்சலையே பாருங்க. புதுச்சேரி கிட்ட கரை ஏறும்போது காத்து மணிக்கு 70, 80 கிலோமீட்டர், இதெல்லாம் ஒரு புயலான்னு டிவில சிரிச்சாங்க. கடலே பாக்காத ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழை, எங்க அரூர்ல 33. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரோட்டுல நிறுத்துன வேனும் காரும் பொம்மை மாதிரி உருண்டுக்கினு போன வீடியோவை நீங்களே தான் ஷேர் பண்ணீங்க. அதே 2024 செப்டம்பர்ல அமெரிக்காவுல ஹெலீன் புயல் ஃபுளோரிடா கரையில ஏறுச்சு, ஆனா அதிகம் பேரு செத்தது 500 கிலோமீட்டருக்கு மேல தள்ளி வட கரோலினா மலைல. மலைல எவன் வெள்ள இன்சூரன்ஸ் எடுப்பான்? நம்மள மாதிரி தான், புயல்னா கடலோரத்துக்காரன் பாடுன்னு இருந்திருப்பாங்க.

ஊத்தங்கரை மாமா:
டீச்சர் சொல்லிட்டாங்க. நான் என் கதைய சொல்றேன், நீ நம்பர் போட்டுக்கோ. அன்னிக்கு ராத்திரி ஒரு மணி இருக்கும், கொட்டாய்ல ரெண்டு பசு கட்டி இருந்துச்சு. தண்ணி முட்டிக்கு வந்துச்சின்னு ஓடிப்போய் கவுத்த அறுத்து வுட்டேன். ஒண்ணு மேட்டுக்கு ஏறிக்கிச்சு, சினையா இருந்தது ஓடை பக்கமா போயிடுச்சு, கத்துனது மட்டும் காதுல கேட்டுச்சு. விடிஞ்சி மூணு நாள் தேடுனேன், உடம்பு கெடைக்கல. செத்த மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 ரூபான்னு அறிவிச்சாங்க இல்ல, அதுக்கு எழுதி குடுக்க போனா, டாக்டர் பாத்து சர்டிபிகேட் குடுக்கணும், மாடு எங்கன்றாங்க. மாடு இல்லாததால தானே வந்திருக்கேன்னு சொன்னேன். அவங்களையும் குத்தம் சொல்ல மாட்டேன், ரூல் அது. ஆனா ஃபெஞ்சல்ல செத்த கால்நடைன்னு நீ ஒரு நம்பர் படிப்ப பாரு, அதுல என் பசு கெடையாது.

பாலக்கோடு தக்காளி:
மாமா...

அரூர் டீச்சர்:
மாமா மாட்டுக்கு ஆனது, அமெரிக்காவுக்குக் கீழ இருக்கற போர்ட்டோ ரிக்கோ தீவுல மனுஷங்களுக்கே ஆச்சு. 2017 மரியா புயல், கிட்டத்தட்ட ஒரு வருஷம் அரசாங்க கணக்கு 64 சாவுன்னே இருந்துச்சு. மாசக்கணக்கா கரண்ட் இல்ல, டயாலிசிஸ் இல்லாம, ஆக்சிஜன் மெஷின் ஓடாம போனவங்க யாரும் அந்த 64ல வரல. அப்புறம் ஜார்ஜ் வாஷிங்டன் யுனிவர்சிட்டி ஆய்வு பண்ணி சொன்ன பிறகு 2018ல 2,975ன்னு மாத்துனாங்க. 64 எங்க, 2,975 எங்க.

ஒசூர்க்காரன்:
மாமா, பசு விஷயம் எனக்கு தெரியாது, மன்னிச்சுக்குங்க.
ஆனா டீச்சர், வாதத்துல ஒண்ணு சொல்லியே ஆவணும். அந்த 2,975ன்றது செத்தவங்க பேரை எழுதி எண்ணுன பட்டியல் இல்ல, வழக்கமா சாவறதை விட எத்தினி பேரு கூட செத்தாங்கன்னு போட்ட மதிப்பீடு. நம்பர் எப்பவும் ஏறும்னும் இல்ல, கத்ரீனாவுக்கு வருஷக்கணக்கா 1,833ன்னு சொல்லிட்டு 2023ல 1,392ன்னு எறக்கிட்டாங்க. அப்போ சாவுக்கணக்கை நம்பி எப்படி வரிசை போடறது? ஒண்ணு மட்டும் ஒத்துக்கறேன், டாலரை அப்படியே வைக்காம அந்த ஊரு வருமானத்தோட சேத்து வச்சா தலைகீழா மாறுது. மரியா நஷ்டம் 90 பில்லியன், போர்ட்டோ ரிக்கோவோட ஒரு வருஷ பொருளாதாரமே 100 பில்லியன் சுமார்தான். கத்ரீனா அமெரிக்காவுக்கு ஒரு சதவீதம் கிட்ட. அந்த கணக்குல பாத்தா நான் மொதல்ல போட்டது தப்பு. காசுல அளக்கறது தப்புன்னு மட்டும் இப்பவும் சொல்ல மாட்டேன், எதுக்கு பக்கத்துல வச்சி அளக்கறோம்ன்றது தான்.

அரூர் டீச்சர்:
ஒரு வழியா பாதி தூரம் வந்துட்டீங்க. மாமா பசுவையும் அவரு வருஷ வருமானத்துக்கு பக்கத்துல வச்சி பாருங்க, மீதி தூரமும் வந்துடுவீங்க.

பாலக்கோடு தக்காளி:
மாமா, கெணத்துல வண்டல் மூடிக்கிச்சின்னு சொன்னீங்களே, எடுத்தாச்சா?

ஊத்தங்கரை மாமா:
ஏழு அடி எடுத்தோம்டா. இன்னும் மோட்டார் தட்டுப்படல.