இரட்டைக் குழந்தைகள், 2 வயது 4 மாதம்: தூளியையும் டயப்பரையும் ஒரே சமயத்தில் நிறுத்தலாமா?

பாபநாசம்_இரட்டைஅம்மா:

எனக்கு ஆண் ஒன்று பெண் ஒன்று, இரட்டைக் குழந்தைகள். ஊர் பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார், இங்கே நானும் மாமனார் மாமியாரும்தான். ஜூனில் இரண்டு பேரையும் ப்ளே ஸ்கூலில் சேர்க்கலாம் என்று கேட்கப் போனால், டயப்பர் போட்டு அனுப்பக் கூடாது, உச்சா ஆய் வந்தால் பிள்ளையே சொல்ல வேண்டும் என்கிறார்கள். அதனால் பங்குனி பிறந்ததும் டயப்பரைக் கழற்றிவிட்டேன். தூளியும் இனிமேல் தாங்காது, இரண்டு பேரும் எடை கூடிவிட்டார்கள், உத்தரத்துக் கொக்கி ஆடுகிறது, அதனால் அதையும் அவிழ்த்துவிட்டுப் பாயில் போடுகிறேன். அதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

பாப்பா பரவாயில்லை. வந்தால் என் புடவையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பாள், கூட்டிப் போனால் போய்விடுவாள். பையன் உச்சாவை நின்ற இடத்திலேயே போய்விடுகிறான். ஆய் வந்தால் நெல் மூட்டை அடுக்கியிருக்கும் அறைக்குள் ஓடி, கதவுக்குப் பின்னால் காலைப் பின்னிக்கொண்டு நின்று, முகம் சிவக்க அடக்குகிறான். டாய்லெட் பக்கம் தூக்கிப் போனாலே கத்தல். இரண்டு மூன்று நாள் போகாமல் இருந்துவிட்டு, போகும்போது இறுகிப் போய் வலியில் அழுகிறான், பார்க்கவே முடியவில்லை.

ராத்திரி ஒரு மணிவாக்கில் எழுந்து "ஆட்டு, ஆட்டு" என்று அழுவான், அந்தச் சத்தத்தில் அவள் எழுந்துகொள்வாள், அவளைத் தட்டிக்கொடுப்பதற்குள் இரண்டில் ஒன்று பாயை நனைத்திருக்கும். மாமியாருக்கு இப்போது உளுந்து எடுக்கும் வேலை, விடியற்காலையில் வயலுக்குப் போகிறவரை நடுராத்திரி எழுப்ப மனசு வரவில்லை. பாப்பா மதியத் தூக்கத்தையும் விட்டுவிட்டாள் போலிருக்கிறது.

இரண்டையும் ஒன்றாகவே செய்து முடித்துவிடலாமா? பையன் பழகும் வரை பாப்பாவையும் நிறுத்தி வைக்க வேண்டுமா? ராத்திரி எழுப்பி உச்சா போக வைக்கச் சொல்கிறார்கள், அது சரியா? சொந்தத்தில் ஒருவர் தூங்குவதற்குச் சளி மருந்து கொஞ்சம் கொடு என்றார், நான் கொடுக்கவில்லை, ஆனாலும் தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

---

மாயவரத்துக்காரி:

எனக்கும் இரட்டையர், இரண்டும் பையன்கள், இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறார்கள். நீங்கள் எழுதியதைப் படிக்கும்போதே உங்கள் களைப்பு தெரிகிறது.

இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள். தூக்கத்தை முதலில் சரிசெய்யுங்கள், பையனின் டயப்பர் கொஞ்ச நாள் இருக்கட்டும். தூக்கம் கெட்ட பிள்ளைக்கு எதைப் பழக்கினாலும் ஏறாது, தூக்கம் கெட்ட அம்மாவுக்கும் பொறுமை இருக்காது. ஒன்று முதல் இரண்டு வயது வரை ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும், மூன்று வயதிலிருந்து ஐந்து வரை 10 முதல் 13, மதியத் தூக்கத்தையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. உங்கள் பிள்ளைகளுக்கு இப்போது அது கிடைக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

"ஆட்டு" என்று ஏன் அழுகிறான் என்றால், எல்லாப் பிள்ளைகளும் ராத்திரியில் நடுநடுவே லேசாக விழித்துத் திரும்பத் தூங்குவார்கள். தூங்கப் போகும்போது எது இருந்ததோ அதையேதான் அந்த அரைத்தூக்கத்திலும் தேடுவார்கள். இவன் ஆட்டத்தில்தான் தூங்கியே பழக்கம், அதனால் ஆட்டம் கேட்கிறான். கொக்கி ஆடுகிறது என்றால் தூளியை மறுபடி கட்டவே வேண்டாம், ஏறி இறங்குகிற வயதில் துணி கழுத்தில் சுற்றிக்கொள்ளும் பயமும் இருக்கிறது. நான் செய்தது இது: தூளி கட்டியிருந்த அதே புடவையைத் துவைக்காமல் நான்காக மடித்துப் பாயின் மேல் விரித்தேன், அந்த வாசனை அவர்களுக்கு வேண்டியிருந்தது. முதலில் தூளி ஆடும் வேகத்துக்கே முதுகில் தட்டினேன். கண் சொக்கும்போது தட்டுவதை மெதுவாக்கி, முழுதாகத் தூங்குவதற்கு முன்னாலேயே நிறுத்தி, கையை மட்டும் முதுகில் வைத்திருந்தேன். அப்புறம் கையையும் எடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்றாகிவிட்டது. அவசரப்படாமல் ஒவ்வொரு படியிலும் சில ராத்திரி நின்று நின்று போனால் வரும்.

இரண்டு பாய் போடுங்கள், நடுவில் நீங்கள். ஒருவர் அழுதால் மற்றவர் எழுந்துவிடுவாரே என்று பதறி அள்ளி எடுக்க வேண்டாம், இரட்டையர் பலர் ஒருவர் சத்தத்துக்கு இன்னொருவர் பழகி எழாமலே தூங்குவார்கள், அதற்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து எழுந்துவிட்டால் சீக்கிரம் அடங்குகிற பிள்ளையை முதலில் கவனியுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் முற்றிவிடும்.

பாப்பா மதியம் தூங்காவிட்டாலும் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கி, பொம்மையோடு பாயில் கிடக்கட்டும். தூங்காத நாளில் ராத்திரி ஏழரைக்கே படுக்க வைத்துவிடுங்கள். பையன் தூங்கினால் மூன்று மூன்றரைக்கு மேல் தூங்க விட வேண்டாம்.

பையனுக்காகப் பாப்பாவை நிறுத்தவே கூடாது. ஒரே நாளில் பிறந்தாலும் இரண்டு உடம்பு, இரண்டு மனசு. என் பெரியவன் ஒரு சித்திரையில் பழகினான், சின்னவனுக்கு அடுத்த தை வரை ஆனது. ஆனால் "பாரு, பாப்பா எப்படி சமத்தா போறா" என்று மட்டும் சொல்லாதீர்கள், வீட்டில் மற்றவர்களையும் சொல்ல விடாதீர்கள். அதைக் கேட்டுக் கேட்டே பிள்ளைக்குப் பிடிவாதம் ஏறும்.

---

குடந்தை_செவிலியர்:

குழந்தைகள் வார்டில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். பையன் விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது மலச்சிக்கல், டாய்லெட் பழக்கம் அதற்கப்புறம்தான்.

காலைப் பின்னிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்கிறானே, பலர் அதைப் பார்த்துப் பிள்ளை முக்குகிறான் என்று நினைப்பார்கள். உண்மையில் வெளியே வராமல் இறுக்குகிறான். ஒரு தடவை வலித்ததும் அடுத்த தடவை அடக்குவான், அடக்கினால் குடல் தண்ணீரை உறிஞ்சி மலம் இன்னும் இறுகும், இறுகினால் இன்னும் வலிக்கும். இது நீண்டால் மலக்குடல் விரிந்து, வருகிற உணர்வே மங்கிப்போகும், அப்போது இறுகிய மலத்தைச் சுற்றித் தண்ணீராகக் கசிந்து ஜட்டியில் படும். அதைப் பேதி என்று நினைத்து நிறுத்த மருந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அது தப்பு. குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், எடைக்குத் தகுந்த அளவில் மலம் இளக்கும் மருந்து தருவார். சரியானது போலத் தெரிந்ததும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலி மறந்து பயம் போகும் வரை அது தேவைப்படலாம். வீட்டில் விளக்கெண்ணெய் ஊற்றுவது, சோப்பு வைப்பது எதுவும் வேண்டாம்.

பால் எவ்வளவு குடிக்கிறான்? இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தாண்டக் கூடாது. பாலாலேயே வயிறு நிறைந்தால் சோறும் காயும் இறங்காது, மலம் இறுகும், இரும்புச் சத்தும் குறையும். பப்பாளி, கொய்யா, கீரை, பருப்பு கொடுங்கள், தண்ணீர் அடிக்கடி. ராத்திரி பால் பாட்டிலோடு படுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், பல்லுக்கும் கெடுதல், பாயும் நனையும்.

டயப்பரில்தான் போவேன் என்கிற பிள்ளையிடம் சண்டை போடாமல் டயப்பரையே போட்டுவிடுங்கள், ஆனால் இடத்தை மட்டும் மாற்றுங்கள். அறைக்குள் போகிறவன் முதலில் டாய்லெட் வாசலில் நின்று போகட்டும், அப்புறம் உள்ளே நின்று, அப்புறம் டயப்பரோடே உட்கார்ந்து, கடைசியில் டயப்பர் இல்லாமல். சாப்பிட்டவுடன் குடல் தானாக அசையும், அதனால் காலைச் சாப்பாடு முடிந்து கால் மணி நேரத்துக்குள் உட்கார வைத்தால் வருவதற்கு வாய்ப்பு அதிகம். ஐந்து நிமிடம் போதும். வராவிட்டால் "சரி, அப்புறம் பார்ப்போம்" என்று எழுப்பிவிடுங்கள். பிடித்து அழுத்தி உட்கார வைக்கவே கூடாது.

ராத்திரி நனைவதைப் பழக்கத்தால் மாற்ற முடியாது. தூங்கும்போது சிறுநீர் குறைவாகச் சுரக்கச் செய்யும் ஹார்மோனும், பை நிறைந்தால் எழுப்புகிற மூளையும் முதிர்ந்தால்தான் அது நிற்கும், ஐந்து வயது வரை நனைத்தாலும் அதை நோயாகப் பார்ப்பதில்லை. தூக்கத்தில் எழுப்பி உட்கார வைத்தால் தூக்கம்தான் கெடும். படுக்கும் முன் ஒரு தடவை போக வையுங்கள், ராத்திரிக்கு டயப்பர் போடுங்கள், ஸ்கூலுக்கும் ராத்திரிக்கும் சம்பந்தமில்லை.

சளி மருந்து கொடுக்காதது மிகச் சரி. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே போடச் சொல்லி 2023-இல் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. தூக்கத்துக்காக எந்தச் சிரப்பும் வேண்டாம்.

பாப்பாவுக்கு ஒன்று: கழுவும்போது முன்னாலிருந்து பின்னால் கழுவுங்கள், மாற்றிக் கழுவினால் சிறுநீர்த் தொற்று வரும். உச்சா போகும்போது எரிகிறது என்று அழுதாலோ, காரணமில்லாமல் காய்ச்சல் வந்தாலோ உடனே காட்டுங்கள்.

---

நீடாமங்கலம்_அத்தை:

அம்மாடி, எங்கள் காலத்தில் டயப்பர் ஏது. மணையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி, பாதத்துக்கு நடுவில் பழைய பேப்பரைப் போட்டு, பிள்ளையை நம் கால் மேலேயே குந்த வைத்து இரண்டு கையையும் பிடித்துக்கொள்வோம். நம் சூட்டில் உட்கார்ந்திருக்கிற தைரியத்தில் பிள்ளை போய்விடும். உன் மாமியாருக்கும் தெரிந்திருக்கும், கேட்டுப் பார். இந்த வயதிலும் பயந்த பிள்ளைக்கு அது உதவும், கனமாக இருந்தால் கொல்லையில் இரண்டு செங்கலை நெருக்கிப் போட்டு அதன்மேல் குந்த வை, நீ எதிரில் குந்திக்கொள். டாய்லெட் குழியைப் பார்த்துத்தான் பல பிள்ளைகள் பயப்படுகின்றன, உள்ளே விழுந்துவிடுவோம் என்று நினைக்கும். அந்த வெஸ்டர்ன் சீட்டில் உட்கார வைத்தால் கால் தொங்கக் கூடாது, கீழே ஒரு மணை போடு, கால் ஊன்றினால்தான் முக்க வரும்.

இன்னொன்று மனசில் வைத்துக்கொள். தானாகப் போகப் பழகின பிள்ளை உன்னைக் கூப்பிடாமலே கொல்லைக்குப் போகும். கிணற்றுக்கு மூடி போடு, தொட்டியை மூடி வை, பாத்ரூமில் நிரம்பின வாளி இருக்கவே கூடாது. ஒரு வாளித் தண்ணீர் போதும் இந்த வயதுப் பிள்ளையின் உயிரை எடுக்க. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் கொல்லைக் கதவுக்கு மேலே ஒரு தாழ்ப்பாள் போட்டுவிடு. இரட்டைப் பிள்ளையில் ஒன்றைக் கழுவிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று எங்கே என்று தெரியாது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

---

ஐயாறு_அப்பா:

மேலே சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. பையனின் டயப்பரைத் தள்ளிப் போடலாம், ஆனால் மழைக்காலம் வரை போக விடாதீர்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நம் பக்கம் எந்தத் துணி காய்கிறது? ஜட்டி, விரிப்பு, பாய் எல்லாம் வீடு முழுக்கத் தொங்கும், ஈர வாடை அடிக்கும், பிள்ளைக்கு இடுப்பில் புண் வரும். மலச்சிக்கல் சரியானதும் சித்திரை வைகாசி வெயிலிலேயே ஆரம்பித்துவிடுங்கள். பகலில் வெறும் ஜட்டியோடு விட்டால் நனைந்தது அவனுக்கே தெரியும், டயப்பரில் அது தெரிவதில்லை. இரண்டு மணி நேரம் நனையாமல் இருக்கிறானா, ஜட்டியைத் தானே இறக்குகிறானா, நனைத்த பிறகாவது சொல்கிறானா என்று பாருங்கள், இவை வந்துவிட்டால் நேரம் வந்துவிட்டது. பையன்களுக்குப் பெண் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் தாமதமாக வருவது சகஜம்.

ஆளுக்கொரு குட்டி டாய்லெட் சேர் வாங்குங்கள், வேறு வேறு கலரில். ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் என்றால், ஒருவருக்கு அவசரமாக வரும்போது இன்னொருவர் அதில் உட்கார்ந்திருப்பார், எங்கள் வீட்டில் அழுகைக்குப் பாதிக் காரணம் அதுதான்.

ஜூன் என்பதற்காகப் பதற வேண்டாம். இரண்டு வயது முடிந்தால் உங்கள் ஊர் அங்கன்வாடியிலேயே சேர்க்கலாம், மதியச் சாப்பாடும் உண்டு. நாங்கள் அங்கேதான் அனுப்பினோம், ஆயாம்மா மற்ற பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப் போவதைப் பார்த்தே எங்கள் சின்னது பழகியது. தனியார் ப்ளே ஸ்கூல் அடுத்த வருடமும் இருக்கும்.

---

பாபநாசம்_இரட்டைஅம்மா:

எல்லோருக்கும் மனதார நன்றி. டாக்டரிடம் காட்டினேன், செவிலியர் அக்கா சொன்ன அதே விஷயம்தான், மருந்து கொடுத்திருக்கிறார், பாலைக் குறைக்கச் சொன்னார். இப்போது இளகிப் போகிறது, அழுகை இல்லை. டயப்பரோடு டாய்லெட் வாசல் வரை வருகிறான், உள்ளே இன்னும் வரவில்லை, நானும் இழுக்கவில்லை. தூளிப் புடவையை விரித்ததில் பாப்பா அடுத்த நாளே அதைச் சுருட்டி வைத்துக்கொண்டு தூங்கினாள், பையன் இன்னும் ஒரு தடவை எழுகிறான், தட்டினால் தூங்கிவிடுகிறான். அத்தை, கிணற்றுக்கு வலை மூடிக்குச் சொல்லியாகிவிட்டது. அங்கன்வாடியிலும் பேசினேன், கூட்டி வாருங்கள் என்றார்கள்.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். அடுத்த வாரம் தஞ்சாவூரில் ஒரு கல்யாணம், பஸ்ஸில்தான் போக வேண்டும். பாப்பாவுக்கு அன்றைக்கு மட்டும் டயப்பர் போட்டால் பழகினது போய்விடுமா?

---

குடந்தை_செவிலியர்:

போகாதும்மா. பஸ்ஸுக்கு மட்டும் என்று அவளிடம் சொல்லியே போடுங்கள், கிளம்பும் முன் ஒரு தடவை போக வையுங்கள். மண்டபத்துக்குப் போனதும் முதல் வேலையாக டாய்லெட்டைக் காட்டிவிட்டு ஜட்டி மாற்றிவிடுங்கள். கல்யாண வீட்டில் விளையாட்டு மும்முரத்தில் அடக்குவாள், அதனால் பந்திக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை நீங்களே கூட்டிப் போங்கள். பையனுக்கு அன்றைக்கும் மருந்தை விடாதீர்கள், இலையில் பாயசம் மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.