கூரை அன்ரெனாவில் பஃபலோ வந்த கதை

ஸ்காபரோ, கனடா

கேபிள் இணைப்பை நிறுத்திவிட்டுக் கூரையில் அன்ரெனா பூட்டிய கதையை எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். பிழைவிட்ட இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். எனக்கு விளங்கியதெல்லாம் அந்த இடங்களில்தான்.

2018 நவம்பரில் கேபிளை நிறுத்தினோம். எங்கள் வீட்டில் பார்ப்பது சனிக்கிழமை ஹொக்கி, அப்பாவின் செய்தி, பிள்ளைகளின் கார்ட்டூன், அவ்வளவுதான். இதில் பெரும்பகுதி காற்றிலேயே இலவசமாக வருகிறது என்று வேலையிடத்தில் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரொறன்ரோவில் அனலொக் ஒளிபரப்பு 2011 ஓகஸ்ட் 31 இல் நின்றது. அதோடு அன்ரெனாவின் காலமும் முடிந்தது என்று நம்மில் பலர் நினைத்துவிட்டோம். உண்மையில் அதற்குப் பிறகு வருவது முந்தியதைவிட வடிவான படம்.

அன்ரெனா வாங்க முதல் செய்யவேண்டியது, எந்தக் கோபுரம் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பார்ப்பது. எங்கள் கூரையிலிருந்து தென்மேற்கே 20 கிலோமீட்டர் அளவில் சி.என். கோபுரம். 553 மீற்றர் உயரம், ரொறன்ரோ அலைவரிசைகளில் முக்கியமானவை அதன் உச்சியிலிருந்து வருகின்றன. தெற்கே, ஒன்ராறியோ ஏரிக்கு அப்பால், அமெரிக்காவின் பஃபலோ. அங்கேயும் எல்லாம் ஓரிடத்தில் இல்லை. கிராண்ட் ஐலண்டில் இருப்பவை எங்களுக்கு 85 கிலோமீட்டர் வரும். அமெரிக்க அலைவரிசையான ஏ.பி.சி. (திரையில் 7.1) வருவது பஃபலோவுக்கும் தெற்கே கோல்டன் என்ற ஊரிலிருந்து, அது 130 கிலோமீட்டருக்கு மேல்.

திரையில் தெரியும் எண்ணை நம்பி அன்ரெனா வாங்காதீர்கள். கனடாவின் பொது ஒளிபரப்பான சி.பி.சி.க்கு 5.1 என்று காட்டும், ஆனால் உண்மையில் வருவது 20ஆம் அலைவரிசையில், அதாவது அலைநீளம் குறைந்த யூ.எச்.எஃப். பட்டையில். ரொறன்ரோவில் சி.ரி.வி. 9.1 மாத்திரம் இன்னமும் அலைநீளம் கூடிய வி.எச்.எஃப். நான் வாங்கியது நாலு வண்ணத்துப்பூச்சியை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்ததுபோன்ற, பின்னால் கம்பிவலை உள்ள யூ.எச்.எஃப். அன்ரெனா. சி.ரி.வி. அதில் அரைகுறையாகத்தான் வந்தது. பிறகு ஒரு சின்ன வி.எச்.எஃப். அன்ரெனாவையும் அதே தூணில் சேர்த்துப் பூட்டினேன்.

பூட்டிய அன்று நான் கூரையில், அப்பா கீழே ரீவிக்கு முன்னால், இடையில் கைத்தொலைபேசி.

அப்பாவுக்கு இது பழகின வேலை. எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் மூன்று இரும்புக் குழாயை ஒன்றோடொன்று பொருத்தி, கம்பி இழுத்துக் கட்டி, உச்சியில் அன்ரெனா வைத்திருந்தார். இலங்கை ரூபவாகினி சும்மாவே வரும். அவருக்கு வேண்டியது கடலுக்கு அங்காலிருந்து வரும் தூரதர்ஷன். அவர் குழாயைத் திருப்ப, அம்மா யன்னலால் சொல்லுவா: "இன்னும் புள்ளி புள்ளியாத்தான் கிடக்கு... இப்ப ஆள் ரெண்டாத் தெரியுது... இப்ப சரி, விடுங்கோ, விடுங்கோ!" புள்ளி கூடினால் திசை பிழை, நிழல் விழுந்தால் அலை எங்கேயோ பட்டுத் திரும்பி வருகிறது. திரையே வழி சொல்லும்.

ஸ்காபரோவில் அது சரிவரவில்லை. "எப்பிடியப்பா?" என்று கேட்டால், "ஒண்டுமில்லை" என்பார். அரை அங்குலம் திருப்பினால், "வந்திட்டுது, கண்ணாடி மாதிரி இருக்கு" என்பார். நான் இறங்கி வந்து தேநீர் குடிக்க முதல் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். டிஜிட்டலில் நடுநிலை என்று ஒன்று இல்லை. வரும்வரைக்கும் முழுதாக வரும், ஒரு எல்லைக்குக் கீழே போனால் அடியோடு போய்விடும். நீங்கள் அந்த எல்லையிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறீர்களா, ஒரு மைல் தள்ளி நிற்கிறீர்களா என்று படத்தைப் பார்த்து அறியவே முடியாது.

அதற்கு ரீவியின் அமைப்புப் பக்கத்துக்குள் போகவேண்டும். அங்கே சிக்னல் பலம், சிக்னல் தரம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். பார்க்கவேண்டியது தரத்தை. அன்று பின்னேரம் அப்பா படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு எண்ணை வாசிக்கத் தொடங்கினார். "ஐம்பத்தி நாலு... அறுபத்தியொண்டு... நில்லு, அசைக்காதை... எழுபது." அதற்குப் பிறகுதான் வேலை நடந்தது. அன்ரெனாவின் முகத்தைப் பஃபலோவுக்கு நேரே வைத்தோம். சி.என். கோபுரம் கிட்ட இருப்பதால் பக்கவாட்டிலேயே தாராளமாக வந்தது. முப்பதுக்கு மேல் அலைவரிசை.

ஜனவரியில் மேல்மாடி அறைக்கும் இழுக்க ஆசைப்பட்டு, வயரைப் பிரிக்கும் சின்னப் பெட்டி ஒன்றைப் போட்டேன். அப்படிப் பிரித்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் போவது பாதிக்கும் குறைவு. கோல்டனிலிருந்து வரும் ஏ.பி.சி. உடைந்தது. உடனே அலையைப் பெருக்கும் பூஸ்டர், கடையில் இருந்ததிலேயே பெரியதை, வாங்கிப் பூட்டினேன். திரும்பத் தேடவிட்டால் வந்தது பதினொன்று! பஃபலோ முழுவதும் இல்லை. பூஸ்டர்தான் பழுது என்று நினைத்து மாற்றி வாங்கினேன். இரண்டாவதும் அப்படியே.

பூஸ்டரில் ஒரு பிழையும் இல்லை. கோயில் வாசலில் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போகும்போது, தெருவுக்கு அங்கால் நிற்பவர் சொல்வது கேட்கவில்லை என்று காதில் கருவி மாட்டினால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது. சி.என். கோபுரத்தின் பலமான அலையையும் சேர்த்துப் பெருக்கி, பூஸ்டரே திணறிப்போனது. பெருக்கம் குறைந்த, ஆனால் பலமான அலையையும் தாங்கக்கூடிய சின்னதொன்றை அன்ரெனாவுக்குக் கிட்டவே பூட்டியதும் எல்லாம் திரும்பி வந்தன. பூஸ்டர் இல்லாத அலையை உண்டாக்காது. வயரிலும் பிரிப்பிலும் இழப்பதை ஈடுகட்ட மட்டும்தான் அது.

இனி 2019 மே மாதம். ரொறன்ரோவின் கூடைப்பந்து அணியான ராப்டர்ஸ் முதல் தடவையாக என்.பி.ஏ. இறுதிக்குப் போயிருந்தது, ஏ.பி.சி.யில் காட்டுகிறார்கள். மே 30, முதல் ஆட்டம். வீடு நிறையச் சனம். முதல் கால்பகுதியிலேயே படம் உடையத் தொடங்கியது. குளிர்காலம் முழுக்க ஒரு குறையும் இல்லாமல் வந்த அலைவரிசை! கூரைக்கு ஏறி எல்லாப் பூட்டையும் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. அப்பாதான் பின்வளவில் நின்று கையைக் காட்டினார்: "உந்த மரத்தைப் பார்."

பக்கத்து வீட்டு மேப்பிள். நவம்பரில் அது வெறும் கொப்பு. இப்போது இலை மூடி, பஃபலோத் திசையில் ஒரு பச்சைச் சுவர். யூ.எச்.எஃப். அலையை இலை நன்றாகவே குடிக்கும், மழை பெய்து நனைந்தால் இன்னும் மோசம். அடுத்த ஞாயிறு அன்ரெனாவைக் கழற்றி, கூரையின் கிழக்கு முனைக்கு, ஐந்து மீற்றர் தள்ளிக் கொண்டுபோனோம். தூணையும் ஒன்றரை மீற்றர் உயர்த்தினோம். 48 இல் நின்ற தரம் 71 ஆனது. யூன் 13 இரவு ஆறாவது ஆட்டத்தில் 114க்கு 110 என்று ராப்டர்ஸ் வென்றபோது ஒரு கட்டம்கூட உடையவில்லை. தெருவில் கார் ஹோர்ன் சத்தம் விடியுமட்டும் ஓயவில்லை. அப்பா கடைசிவரை ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, விளம்பர நேரங்களில் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்ரெனா பூட்டுகிறவர்கள் குளிர்காலத்தில் பூட்டினால், இலை வரும் காலத்தை மனதில் வைத்துப் பூட்டுங்கள்.

பிளெயின்ஸ்பரோ, நியூ ஜெர்சி

அண்ணா, உங்கள் அப்பா எண் வாசித்ததைப் படித்ததும் என் மனைவி ஞாபகம்தான். எங்கள் வீட்டில் அவள்தான் கீழே நின்று சொல்வாள்.

எங்கள் ஊர் சரியாக நடுவில் மாட்டிக்கொண்ட ஊர். வடகிழக்கே நியூயார்க் கோபுரங்கள், தென்மேற்கே பிலடெல்பியாவின் ராக்ஸ்பரோ கோபுரங்கள், இரண்டுமே 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டையும் விட மனசு வரவில்லை. முதுகோடு முதுகாக இரண்டு ஆன்டெனா வைத்து ஒரே ஒயரில் சேர்த்தேன். ஒரே நிலையத்தின் அலை இரண்டு ஆன்டெனாவிலும் புகுந்து, ஒன்று முன்னே ஒன்று பின்னே வந்து ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டது. தனித்தனி ஒயர் இழுத்து, நடுவில் ஒரு சுவிட்ச் வைத்தபிறகு சரியானது.

ஆனால் நான் சொல்ல வந்தது பிலடெல்பியாவின் ஏ.பி.சி. பற்றி. திரையில் 6.1. அது உண்மையிலேயே 6ஆம் அலைவரிசையில்தான் வருகிறது, 82 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரை. எஃப்.எம். ரேடியோ ஆரம்பிக்கும் இடத்துக்கு நேர் கீழே. அலையின் நீளமே மூன்றரை மீட்டர். 'டிஜிட்டல் ஆன்டெனா' என்று பெட்டியில் அச்சடித்து விற்கிற கையகலத் தகடு இதை எப்படிப் பிடிக்கும்? ஒன்றேமுக்கால் மீட்டர் நீளக் கம்பி உள்ள பழைய பாணி ஆன்டெனா வாங்கினேன். அப்போதும் வரவில்லை. பூஸ்டர் மூடியைத் திறந்து பார்த்தால், உள்ளே எஃப்.எம். வடிகட்டி என்று பொடி சுவிட்ச் ஒன்று போட்டபடி இருந்தது. எஃப்.எம்.மைத் தடுக்கிறேன் என்று பக்கத்திலிருக்கும் 6ஐயும் சேர்த்துத் தடுத்திருக்கிறது. அணைத்தேன், வந்தது.

வந்தும் ஒரு விசித்திரம். பகலில் அருமையாக இருக்கும், சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் போய்விடும். ஒரு வாரம் வானிலை, பனி, விமானம் என்று எதையெதையோ சந்தேகப்பட்டோம். கடைசியில் ஒருநாள் இருட்டின பிறகு வீட்டு மெயினையே அணைத்துவிட்டு, சின்ன டிவியையும் பூஸ்டரையும் பேட்டரியில் ஓட்டினோம். படம் பளிச்சென்று வந்தது. பிறகு ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டுக்கொண்டே வந்தோம். கார் ஷெட்டில் இருட்டினால் தானாக எரியும் எல்.இ.டி. பல்பு எரிந்த நொடியில் படம் செத்தது. மலிவான பல்புக்குள் இருக்கும் மின்சுற்று இந்தக் கீழ்ப்பட்டையில் இரைச்சலைக் கொட்டுகிறது. பல்பை மாற்றியதும் தீர்ந்தது.

இன்னொன்று, குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஆன்டெனாவைக் கழற்றச் சொல்லிக் கடிதம் வந்தால் உடனே கழற்றிவிடாதீர்கள். நமக்குச் சொந்தமான, நாம் மட்டும் புழங்கும் இடத்தில் டிவி ஆன்டெனா வைப்பதை அவர்கள் தடை செய்ய முடியாது என்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 1996இலேயே விதி போட்டிருக்கிறது. எங்களுக்கும் கடிதம் வந்தது. அந்த விதியின் நகலை இணைத்துப் பணிவாகப் பதில் எழுதினேன். அதோடு சரி.

ஸ்கூடாய், ஜொகூர், மலேசியா

நான் சின்னதாகச் சொல்கிறேன். அம்மாவுக்கு வசந்தம் வேண்டும். சிங்கப்பூரின் தமிழ் அலைவரிசைதான், ஆனால் ஜொகூர்க்காரர்களுக்கு அது பக்கத்து வீடு மாதிரி. சிங்கப்பூரில் அனலாக் 2018 கடைசியில் நின்றது, நம் பக்கம் 2019இல். இரண்டு நாடும் டி.வி.பி.-டி2 என்ற ஒரே டிஜிட்டல் முறைக்குப் போனதால் ஒரே பெட்டியில் இரண்டும் வரும்.

எங்கள் குடியிருப்பான தாமானுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் ஒரு கொண்டோமினியம் எழும்பியது. ஏரியலை எவ்வளவு நேராகத் திருப்பினாலும் வசந்தம் வரவில்லை. சலித்துப்போய் கடைசியில் மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றினேன். சிங்கப்பூருக்கு முதுகைக் காட்டி, எங்களுக்கு வடக்கே இருக்கும் இன்னொரு அடுக்குமாடியைப் பார்த்தபோது தரம் 80 காட்டியது. அலை அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. இன்றைக்கு வரைக்கும் ஏரியல் அந்தப் பக்கம்தான் பார்க்கிறது. அம்மா இரவுச் செய்தி தவறவிடுவதே இல்லை. ஆகவே வரைபடத்தில் கோடு போட்டுப் பாருங்கள், ஆனால் அதோடு நிற்காமல் ஒருமுறை முழுதாகச் சுற்றியும் பாருங்கள்.

மீண்டும் ஸ்காபரோ

தம்பி, மெயினை அணைத்துப் பார்க்கும் யோசனை எனக்கு வந்ததே இல்லை. எங்கள் சி.ரி.வி. இடைக்கிடை தடுமாறும், வருகிற வெள்ளி பின்னேரம் அதைச் செய்துபார்க்கப்போகிறோம். ஸ்கூடாய் அக்கா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "சுவரில பட்டு வாறது எங்களுக்கு நிழலா விழும், அவைக்கு அதே படமாயே வருது" என்று நெடுநேரம் ஆச்சரியப்பட்டார்.

வயரைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். ஆர்.ஜி-6 என்ற ரீவி வயர் போடுங்கள். நல்ல வயரிலேயே யூ.எச்.எஃப். அலை 100 அடிக்கு 5 டெசிபெல் அளவு குறையும். மூன்று டெசிபெல் போனால் பாதி போனமாதிரி. போன வருடம் எங்களுக்கு எல்லா அலைவரிசையும் ஒன்றாகத் தளர்ந்தபோது, அன்ரெனாப் பக்கம் இருந்த முனையைக் கழற்றினேன். நடுச் செம்புக் கம்பி பச்சையாகிப் போயிருந்தது, உறையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. புது வயர் இழுத்து, முனைக்கு இறப்பர் மூடி போட்டு, வீட்டுக்குள் நுழையும் இடத்தில் வயரைக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டேன். மழைத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே வராது. தூணையும் வயரையும் வீட்டு மின் எர்த்தோடு கட்டாயம் இணைக்கவேண்டும். மின்கம்பிக்குக் கிட்ட ஏணி வைக்கவே வேண்டாம், தனியாகவும் ஏறாதீர்கள்.

யூலை இரவுகளில் ஏரிக்கு மேலே வெப்பக் காற்று படிந்து கிடக்கும்போது அலை வளைந்து வெகுதூரம் ஓடும். அப்படியான இரவொன்றில் ஏரிக்கு மறுகரையில் இருக்கும் ரொச்செஸ்டர் அலைவரிசை ஒன்று தானாக வந்து, விடிய மறைந்துபோனது. அப்பா அன்றிரவு ஒரு மணி வரைக்கும் அந்த ஊரின் காலநிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் எழும்பி வந்த என்னிடம் முதல் சொன்னது, "அறுபத்தியாறு வரைக்கும் வந்தது, தெரியுமோ?"