பழைய வொர்க்ஸ்டேஷனில் லினக்ஸ் ஏற்றியவர்கள்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

நள்ளிரவு நிறுவி:
சன் நிறுவனத்தின் அல்ட்ரா 5 வொர்க்ஸ்டேஷன். ஒரு கல்லூரி கழித்துப்போட்ட குவியலிலிருந்து எடைக்கு வாங்கியது. விசைப்பலகை கூட வரவில்லை. பெட்டியில் இருப்பது எட்டு முள் துளை, நம் வீட்டு விசைப்பலகை எதுவும் அதில் நுழையாது. திரை இருண்டே கிடந்ததால் பெட்டி செத்துவிட்டது என்று இரண்டு வாரம் மூலையில் போட்டுவிட்டேன். விசைப்பலகை இல்லையென்றால் அது திரையை விட்டுவிட்டு சீரியல் போர்ட்டில் 9600 வேகத்தில் பேசும் என்பது பிறகுதான் தெரிந்தது. கேபிளைச் செருகியதும் முதல் வரியே ஐடிப்ராம், அதாவது பெட்டியின் அடையாளத் தகவல், செல்லாது என்ற புலம்பல். அந்தத் தகவலைக் காக்கும் என்விராம் சில்லின் பேட்டரி வயதாகித் தீர்ந்த கதைதான், உங்களுக்குத் தெரியாததா! ஈதர்நெட் முகவரி முழுக்க எஃப்எஃப். சிடி டிரைவும் படிக்காததால் வேறொரு கணினியிலிருந்து வலை வழியே தொடங்கும் நெட்வொர்க் பூட் ஒன்றே வழி.

என்விராமில் எழுதும் எம்கேபி கட்டளையால் அந்த முகவரியை ஒவ்வொரு பைட்டாக நிரப்பினேன். முன்பாதி சன்னுக்கு உரிய 08:00:20. பின்பாதிக்கு எல்லோரும் வழக்கமாகப் போடும் சி0, எஃப்எஃப், இஇ. ஆங்கிலத்தில் சேர்த்துப் படித்தால் காபி. வலை வழியே அனுப்பும் பூட் கோப்புக்கு, அதாவது டிஎஃப்டிபி கோப்புக்கு, ஐபி முகவரியின் பதினாறடிமான வடிவத்தைப் பெயராக, ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் வைக்க வேண்டும். நான் சிறிய எழுத்தில் வைத்து ஒரு மாலையைத் தொலைத்தேன்.

ஏற்றியது டெபியன் லினக்ஸ் 7, அல்ட்ரா 5-இன் ஸ்பார்க் செயலிக்கு வந்த கடைசி அதிகாரபூர்வ வெளியீடு. பொதிகள் இறங்கிக்கொண்டிருந்தன. நள்ளிரவு தாண்டி மின்சாரம் போனது. இருட்டில் அந்த மின்விசிறி மெல்ல மெல்ல அடங்கிய ஒலி இன்னும் காதில் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் பார்த்தால் மறுபடியும் எஃப்எஃப். காபி ஆவியாகிவிட்டது. தட்டிய வரிகளை ஒரு துண்டுத் தாளில்கூட நான் குறித்துவைக்கவில்லை.

உளியும் அரமும்:
ஒவ்வொரு முறையும் எம்கேபி தட்டுவது வீண் வேலை. என்னிடமும் அதே அல்ட்ரா 5 இருந்தது, சரிசெய்தேன், ஓடியது. என் கதை அவ்வளவுதான். நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த எம்48டி59 என்விராம் சில்லைச் சாக்கெட்டிலிருந்து நெம்பி எடுங்கள். எந்தப் பக்கம் முதல் முள் என்று முன்பே அடையாளம் இட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி மேல்மூடிக்குள் இருக்கிறது. விளிம்பை அரத்தால் பொறுமையாகத் தேய்த்தால் இரண்டு உலோக முனைகள் தெரியும். பழைய பேட்டரியின் இணைப்பை முதலில் வெட்டிவிடுங்கள். இதை மறப்பவர்கள்தான் பிறகு வந்து அழுகிறார்கள். அப்புறம் இரண்டு கம்பிகளைப் பற்றவைத்து, சிஆர்2032 பேட்டரி பொருந்தும் தாங்கியை இணையுங்கள். நேர்முனை, எதிர்முனையை மீட்டர் வைத்துப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். டிரில் போடாதீர்கள். அதன் பிறகு ஒரே ஒரு தடவை எம்கேபி தட்டினால் போதும். ஒரு யுபிஎஸ்ஸும் வாங்கிவிடுங்கள்.

கருந்திரை:
உங்கள் பெட்டிகளெல்லாம் அருங்காட்சியகத்துக்கு உரியவை. என்னுடையது வெறும் இரட்டைச் சியான் செயலி, குவாட்ரோ கிராஃபிக்ஸ் அட்டை, கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளோ யுஇஎஃப்ஐ வருவதற்கு முந்தைய பயாஸ். டெபியன் ஒழுங்காக ஏறியது. மறுதொடக்கம் செய்தேன். லினக்ஸைத் தொடக்கிவைக்கும் க்ரப்பின் பட்டியல் வந்தது, பிறகு கறுப்பு. விசிறிகள் விமானம் ஏறுவதுபோல் இரைகின்றன, திரையில் ஒரு புள்ளி இல்லை.

நம்லாக் விசையை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, அணைந்தது. அப்படியானால் உள்ளே யாரோ இருக்கிறார்கள்! எழுத்து முனையத்துக்குப் போக கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2. பயனர் பெயரைக் குருட்டுத்தனமாகத் தட்டினேன். கடவுச்சொல்லையும் தட்டினேன். பவர்ஆஃப் என்று அடித்து என்டரை அழுத்தினேன். மூன்று நொடி. விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அறையில் நான் மட்டும் இருந்தேன், இருந்தும் கை தட்டினேன்.

மறுநாள் க்ரப்பில் 'இ' விசையை அழுத்தி, லினக்ஸ் வரியின் கடைசியில் நோமோட்செட் சேர்த்ததும் படம் வந்துவிட்டது. அதைவிட அந்த மூன்று நொடிதான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

குறுக்கே பேசுபவன்:
கருந்திரைக்கு: நோமோட்செட் மருந்து அல்ல, கட்டுத்துணி. கர்னல் திரையமைப்பையே அது நிறுத்திவைக்கிறது. இனி மந்தமான படத்தோடு காலம் தள்ளுவீர்கள். குவாட்ரோவுக்கான நூவோ இயக்கி எங்கே சறுக்கியது என்று இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய், டிமெசேஜ் என்ற கர்னல் பதிவைப் பார்த்திருக்க வேண்டாமா? அட்டைக்குத் தேவையான ஃபர்ம்வேர் கோப்பு இல்லாமல்கூட இருக்கலாம். டெபியன் 12 முதல் நிறுவல் ஐஎஸ்ஓவிலேயே அவை சேர்ந்து வருகின்றன. உங்களுடையது அதற்கு முந்தையதா என்று நீங்கள் சொல்லவேயில்லை. இன்னொன்று: அந்தப் பயாஸில் 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டை ஜிபிடி என்ற பகிர்வு முறையில் பிரித்து பூட் செய்வதென்றால், க்ரப்புக்கென்று 1 எம்பி அளவில் ஒரு பயாஸ் பூட் பகிர்வு ஒதுக்குங்கள்.

சொந்த அனுபவமா? ஒருமுறை அந்தப் பகிர்வை ஒதுக்க மறந்தேன்.

கருந்திரை:
திரையில் எதுவும் தெரியாதபோது எஸ்எஸ்எச் சேவையகம் நிறுவியிருக்கிறேனா என்பதும் தெரியாது, ஐயா.

மூன்று அம்பு:
டெக் நிறுவனத்தின் ஆல்ஃபா செயலிப் பெட்டி. விண்டோஸ் என்டிக்காக விற்ற பெட்டி என்பதால் நீல நிற ஆல்ஃபாபயாஸ் பட்டியலோடு எழுந்தது. டெபியன் 5, அதாவது லெனி, சிடியை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டளை தட்டி இயக்கும் எஸ்ஆர்எம் கன்சோலுக்கு மாற வேண்டும் என்று படித்தேன், மாற்றினேன், அணைத்துப் போட்டேன். நீலம் போய், இடதுபுறம் வரிசையாக மூன்று அம்புக்குறிகள். வேறொன்றும் இல்லை. அங்கே என்ன தட்டுவதென்று எனக்குத் தெரியாது. விடிகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நள்ளிரவு நிறுவி:
மூன்று அம்பு, ஷோ டிவைஸ் என்று தட்டுங்கள், சிடியின் பெயர் வரும்.

உளியும் அரமும், அரம் வாங்கிவிட்டேன். சில்லு மேசைமேல் இருக்கிறது. முதல் முள்ளுக்கு அடையாளம் இடாமல் நெம்பிவிட்டேன்.