பார்ப்பதால் மூளைச் செல்லின் புரதம் மாறுமா?

நிலாமுற்றம்:
ஜீனில் இருப்பதுதான் புரதமாகிறது என்று படித்திருக்கிறேன். ஆனால் பிறந்த பிறகு கண் எதைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்து மூளைச் செல்லின் புரதங்கள் மாறும் என்கிறார்கள். வெளிச்சம் விழித்திரையோடு நின்றுவிடுகிறதே, மூளையின் பின்பக்கத்தில் இருக்கும் செல்லுக்கு அது எப்படித் தெரியும்? இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது.

தும்பி:
வெளிச்சம் போவதில்லை, அது கிளப்பிய மின்துடிப்பு போகிறது. துடிப்பு வந்ததும் செல்லுக்குள் கால்சியம் நுழையும், அதைப் பார்த்துத்தான் எந்தப் புரதத்தை இப்போது எவ்வளவு செய்வது என்று செல் முடிவெடுக்கும். ஜீன் மாறுவதில்லை, எது எப்போது வேலைக்கு வருகிறது என்பதுதான் மாறுகிறது.

எனக்குப் பிடித்த உதாரணம் என்எம்டிஏ ஏற்பி, செல்லின் மேல்பரப்பில் கால்சியத்தை உள்ளே விடும் ஒரு புரத வாசல். இளம் மூளையில் அதில் என்ஆர்2பி என்ற துண்டு அதிகம், அது இருந்தால் வாசல் கொஞ்சம் நேரம் திறந்தே இருக்கும். வளர வளர என்ஆர்2ஏ சேரும், வாசல் சட்டென்று மூடிக்கொள்ளும். பிறந்ததிலிருந்து இருட்டிலேயே வளர்த்த எலிகளில் இந்த மாற்றம் பின்தங்கியே இருந்தது. அவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே சினாப்ஸில், அதாவது இரண்டு நரம்புச் செல்கள் சேதி பரிமாறும் இடத்தில், என்ஆர்2ஏ கூடிவிட்டது என்று 1999இல் காட்டினார்கள். வாரக்கணக்கில் காத்திருந்த வேலை ஒரு மதியத்துக்குள்! புதிய புரதம் செய்வதைத் தடுத்துவிட்டால் அந்த மாற்றமும் வருவதில்லை.

கரிசல்மண்:
தும்பி சொன்னது சரி, ஆனால் இருட்டையும் ஒற்றைக்கண் மூடலையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. 1963இல் ஹியூபல், வீசல் என்ற இரண்டு மூளை ஆய்வாளர்கள் பூனைக்குட்டியின் ஒரு கண்ணைத் தைத்து மூடியபோது, பார்வைப் புறணியின் (மூளையின் பின்பக்கத்தில் பார்வையைக் கவனிக்கும் பகுதி) செல்களைத் திறந்திருந்த கண் பிடித்துக்கொண்டது. இரண்டு கண்ணும் இருட்டில் இருந்தால் அப்படி ஆவதில்லை, மாறக்கூடிய பருவமே நீண்டுகொண்டு போகும். அந்தப் பருவம் முடியும்போது சில செல்களைச் சுற்றிப் புரதமும் சர்க்கரையும் கலந்த ஒரு வலை கெட்டியாகும், இருட்டில் வளர்ந்தால் அந்த வலையும் சரியாகப் பின்னப்படாது. 2002இல் வளர்ந்த எலிகளுக்கு ஒரு நொதியால் வலையைக் கரைத்துப் பார்த்தார்கள், மாறும் தன்மை திரும்பி வந்தது.

மழைக்காகிதம்:
என் மகளுக்குப் பிறவியிலேயே ஒரு கண்ணில் புரை. ஆறாவது வாரத்தில் அறுவை செய்தோம், அப்புறம் லென்ஸ், நல்ல கண்ணை மூடித் தினமும் ஒட்டு. ஒட்டுப் போட்டால் பொம்மையின் முகத்தைத் தடவித்தான் கண்டுபிடிப்பாள், பிய்த்து எறிந்துவிட்டு அழுவாள், நானும் சேர்ந்து அழுதிருக்கிறேன். ஏன் இவ்வளவு அவசரம், ஏன் இந்தக் கொடுமை என்று தோன்றிய நாட்கள் உண்டு. இப்போது இரண்டரை வயது, நேற்று ஒட்டோடு இருக்கும்போதே தரையில் கிடந்த மணியைக் குனிந்து எடுத்தாள்.

நிலாமுற்றம்:
மழைக்காகிதம், இதைப் படித்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கரிசல்மண், அந்த வலை எந்த வகைச் செல்லைச் சுற்றி வருகிறது?

கரிசல்மண்:
பெரும்பாலும் பார்வால்புமின் என்ற புரதம் உள்ள தடுப்புச் செல்களை, அதாவது மற்றச் செல்களின் துடிப்பை அடக்கும் செல்களைச் சுற்றி.