டிஎஸ்ஜி எடுக்கலாமா, மேனுவலே போதுமா? நாளைக்கு அட்வான்ஸ், அவசரம்

வேளச்சேரி_வண்டி:
வணக்கம். ரெண்டு வண்டி பார்த்து வச்சிருக்கேன், ஒரே மாடல்தான். ஒண்ணு டிஎஸ்ஜி (ரெண்டு கிளட்ச் வச்ச) ஆட்டோமேட்டிக், இன்னொண்ணு மேனுவல். ஓட்டிப் பார்த்தா டிஎஸ்ஜி அருமையா இருக்கு. ஆனா ஆளாளுக்கு "அந்த கியர்பாக்ஸ் போயிடும், செலவு தாங்காது"ன்னு பயமுறுத்துறாங்க. நிஜமா? நாளைக்கு சாயங்காலம் அட்வான்ஸ் கொடுக்கணும். சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

நாலாம்கியர்:
என்ன வண்டி? புதுசா, செகண்ட் ஹேண்டா? எந்த வருஷம், எத்தனை கிலோமீட்டர்? பெட்ரோலா டீசலா? தினமும் எங்கிருந்து எங்க ஓட்டுவீங்க? இது தெரியாம யார் பதில் சொன்னாலும் குத்துமதிப்புதான்.

டீசல் மாணிக்கம்:
கண்ணை மூடிக்கிட்டு மேனுவல் எடுங்க தம்பி. மேனுவல்ல தேயறது மூணு சாமான்: கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங். கியர்பாக்ஸை இறக்கி மூணையும் சேர்த்து மாத்தினா அடுத்த பல வருஷத்துக்குக் கவலை இல்லை. எந்த ஊர் மெக்கானிக்கும் செய்வார். அதோட டீசலா பார்த்து எடுங்க, இழுவையும் இருக்கும்.

ஆயில்சட்டி:
டிஎஸ்ஜி எடுங்க, பயப்படாதீங்க. கம்பெனி "ஆயில் மாத்தவே வேண்டாம்"னு சொல்லுது பாருங்க, பிரச்சனையே அதுலதான். 40,000 கிமீ-க்கு ஒரு தரம் கியர் ஆயில் மாத்தினா எந்த டிஎஸ்ஜியும் ஓடும்.

மெக்கட்ரானிக்:
கேள்வியும் அரைகுறை, பதிலும் அரைகுறை. இந்தப் பகுதியில இதே விஷயம் பல தடவை பேசியாச்சு, தேடிப் படிச்சிட்டு வந்து கேட்டிருக்கலாம். சரி, அடிப்படையிலிருந்து சொல்றேன். ஃபோக்ஸ்வேகன் டிஎஸ்ஜின்னா ஒரே பெட்டி (கியர்பாக்ஸ்) கிடையாது. 2003-ல முதல்ல வந்த 6 ஸ்பீட் டிக்யூ250-ல கிளட்ச் ஆயிலுக்குள்ள ஊறிக்கிட்டு இருக்கும், அதுக்கு 60,000 கிமீ-க்கு ஒரு தரம் ஆயிலும் ஃபில்டரும் மாத்தியே ஆகணும். 2008-ல வந்த 7 ஸ்பீட் டிக்யூ200-ல கிளட்ச் உலர் வகை, மேனுவல் கிளட்ச் பிளேட் மாதிரியே. போலோ, வென்டோவில் வந்தது இதுதான். அதுல கியருக்கு சுமார் 1.7 லிட்டர் ஆயில், மெக்கட்ரானிக்குக்கு (கியரையும் கிளட்ச்சையும் இயக்கற கம்ப்யூட்டர்-ஹைட்ராலிக் யூனிட்) தனியா ஒரு லிட்டர் ஹைட்ராலிக் ஆயில். ரெண்டும் கலக்காது, ரெண்டுமே கிளட்ச்சைத் தொடாது. அதனால ஆயில்சட்டி, ஆயில் மாத்தினா கிளட்ச் காப்பாத்தப்படும்ங்கறது தப்பு.

ஆயில்சட்டி:
அப்புறம் ஏன் சார் 2013 நவம்பர்ல ஃபோக்ஸ்வேகனே உலகம் முழுக்க 16 லட்சம் வண்டியை வரவழைச்சு ஆயிலை மாத்தினான்?

மெக்கட்ரானிக்:
அது கிளட்ச்சுக்காக இல்லை. சிந்தெடிக் ஆயிலால மெக்கட்ரானிக்கோட மின் இணைப்புல கோளாறு வந்தது. வெக்கையும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்ல, நின்னு நின்னு போற டிராஃபிக்ல அது அதிகம். அதனால மினரல் ஆயிலுக்கு மாத்தினாங்க. காரணத்தைப் படிச்சிட்டு எழுதணும்.

கல்லட்டி கொண்டை:
தேடிப் படிங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி அவர் என்ன வண்டின்னாவது தெரியட்டும் சார். அவசரத்துல கேட்கிறார், வண்டி போலோவா வென்டோவான்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க.

வேளச்சேரி_வண்டி:
மன்னிக்கணும், சொல்ல விட்டுட்டேன். ரெண்டும் வென்டோ பெட்ரோல், செகண்ட் ஹேண்ட். 2017 1.2 டிஎஸ்ஐ டிஎஸ்ஜி, 71,000 கிமீ, ரெண்டாவது ஓனர். 2016 1.6 மேனுவல், 64,000 கிமீ. தினம் வேளச்சேரியிலிருந்து சிறுசேரி, ஓஎம்ஆர் வழிதான். ஞாயித்துக்கிழமை அப்பா ஓட்டுவார், அவருக்கு முட்டி வலி, அதனாலதான் ஆட்டோமேட்டிக் பக்கம் போனேன்.

நாலாம்கியர்:
எந்த முட்டி? இடதா வலதா? அப்புறம், வீட்டுல பார்க்கிங் தரைமட்டமா, பேஸ்மென்ட்டா?

வேளச்சேரி_வண்டி:
இடது. பேஸ்மென்ட். ராம்ப் கொஞ்சம் செங்குத்துதான், வளைஞ்சு ஏறும். அது ஏன் கேட்கறீங்க?

நாலாம்கியர்:
ஏன்னா முடிவே அங்கதான் இருக்கு.

இந்தப் பெட்டியில ரெண்டு கிளட்ச். கே1-ங்கற கிளட்ச்ல 1, 3, 5, 7 கியர். கே2-ல 2, 4, 6, ரிவர்ஸ். கிளட்ச் முழுசா பிடிச்சிட்டா சூடே கிடையாது. வால்பாறையில 40 கொண்டை ஊசி வளைவு ஏறினாலும், வண்டி ஓட்டத்துல இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. சூடு வர்றது உரசும்போது மட்டும்தான். முதல் கியர்ல ஐடில் வேகமே மணிக்கு 7, 8 கிமீ. அதுக்குக் கீழே ஊர்ந்தா கிளட்ச் பாதி பிடிச்சு பாதி விட்டுத்தான் போகும். இது உலர் கிளட்ச், சூட்டை எடுத்துட்டுப் போக ஆயில் கிடையாது, காத்துதான். ஓஎம்ஆர்ல மெட்ரோ வேலை நடக்கிற இடத்துல முக்கால் மணி நேரம் ஊர்ந்துட்டு வந்து, அதே சூட்டோட வளைஞ்ச ராம்ப்ல மெதுவா ஏத்துறீங்கன்னு வைங்க, அந்தக் கிளட்ச் படற பாடு எந்த மலையிலயும் படாது. ராம்ப்ல ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருந்தா இன்னும் மோசம், ஏன்னா ரிவர்ஸ் இருக்கிற கே2-தான் பெரும்பாலும் முதல்ல உதற ஆரம்பிக்கும்.

மேனுவல்லயும் அரை கிளட்ச் போட்டா இதே தேய்மானம்தான். ஆனா அங்க மாத்தற செலவு ஐந்திலக்கத்துல அடங்கும். இங்க மெக்கட்ரானிக் போச்சுன்னா லட்சத்தைத் தாண்டும், வாரண்டியும் முடிஞ்சிருக்கும்.

டீசல் மாணிக்கம்:
அதான் நானும் சொன்னேன், டீசல் மேனுவல்.

நாலாம்கியர்:
இடது முட்டி வலிக்கிறவருக்கு ஓஎம்ஆர் டிராஃபிக்ல டீசல் கிளட்ச்சா அண்ணா? இருக்கறதுலயே கனமான பெடல் அதுதான்.

டீசல் மாணிக்கம்:
அவர் ஞாயித்துக்கிழமைதானே ஓட்டுவார்.

மெக்கட்ரானிக்:
வென்டோ 1.5 டீசல் டிஎஸ்ஜியும் எடுக்கலாம்னு யாராவது கிளம்பறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். அந்த எஞ்சினோட முறுக்கு விசை 250 நியூட்டன் மீட்டர், டிக்யூ200 தாங்கற வரம்பும் 250. மிச்சமே இல்லை. 1.2 டிஎஸ்ஐ 175-தான், பெட்டிக்கு நிறைய இடம் இருக்கு. டியூனிங் கடையில ரீமேப் பண்ணின (கம்ப்யூட்டரை மாத்தி பவர் ஏத்தின) வண்டின்னா தொடவே வேண்டாம்.

கல்லட்டி கொண்டை:
டிஎஸ்ஜிதான் வேணும்னா அட்வான்ஸுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க. வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைக்கக் கூடாதுன்னு இன்னிக்கே சொல்லிடுங்க. காலையில பானட்டைத் தொட்டுப் பாருங்க, குளிர்ந்திருக்கணும். டிரைவர் கதவைத் திறந்ததும் முன்பக்கம் மெல்லிசா ஒரு மோட்டார் சத்தம் ஓடி நிக்கும், அது ஹைட்ராலிக் பம்ப் பிரஷர் ஏத்தற சத்தம். ஒரு தடவை ஓடி நின்னா சரி. சும்மா நிக்கும்போதே சில நொடிக்கு ஒரு தரம் மறுபடி மறுபடி ஓடினா பிரஷர் நிக்கலைன்னு அர்த்தம். பிரஷரைச் சேமிச்சு வைக்கிற அக்யுமுலேட்டர் உட்காருகிற இடத்துல மெக்கட்ரானிக் உடம்பு விரிசல் விடறது இந்தப் பெட்டிக்குத் தெரிஞ்ச நோய்.

அப்புறம் அரை மணி நேரம் டிராஃபிக்ல ஓட்டி நல்லா சூடாக்குங்க. சூடான பிறகு உங்க ராம்ப் மாதிரி ஒரு ஏத்தத்துல ஆக்சிலரேட்டர் லேசா தொட்டு ரிவர்ஸ்ல ஏத்துங்க. ஸ்டீயரிங் வரைக்கும் உதறல் வந்தா கே2 தேஞ்சிருக்கு. அடுத்து 20 கிமீ வேகத்துல இருந்து பிரேக் பிடிக்காம தானா வேகம் குறைய விடுங்க. ரெண்டுல இருந்து ஒண்ணுக்கு இறங்கும்போது முதுகுல இடிச்ச மாதிரி இருந்தா, அடாப்டேஷன் (கிளட்ச் எங்க பிடிக்கும்னு கம்ப்யூட்டர் கத்து வச்சிருக்கிற கணக்கு) கெட்டிருக்கலாம், கிளட்ச்சும் இருக்கலாம்.

கடைசியா ஸ்கேன். வெறும் எஞ்சின் ஸ்கேன் போதாது, கியர்பாக்ஸ் மாட்யூலைத் திறக்கச் சொல்லுங்க. பி17பிஎஃப், பி189சி-ங்கற கோளாறு எண்கள் ரெண்டுல ஒண்ணு இருந்தாலும் ஹைட்ராலிக் பிரஷர் சம்பந்தப்பட்ட கோளாறு, பேரமே பேசாம எழுந்து வந்துடுங்க. கிளட்ச் எத்தனை தரம் அதிகமா சூடாச்சுங்கற கணக்கும் அதுலயே கிடைக்கும். முந்தின நாள்தான் எல்லா கோளாறு எண்களையும் அழிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சாலும் சந்தேகப்படுங்க.

ஸ்பீட்பிரேக்கர்:
ஒரு சின்ன விஷயம். டிஎஸ்ஜி எடுத்தா சிக்னல்ல நியூட்ரல் போட்டுடுங்க. டி-ல (டிரைவ்) வச்சு பிரேக் மிதிச்சிருந்தா கிளட்ச் உரசிக்கிட்டே இருக்கும். இது தெரியாமத்தான் நிறையப் பேர் பெட்டியைக் கெடுக்கறாங்க.

மெக்கட்ரானிக்:
தப்பு. பிரேக் மிதிச்சு வண்டி நின்னதும் கம்ப்யூட்டர் கிளட்ச்சை முழுசா திறந்துடும். டார்க் கன்வெர்ட்டர்ல (கிளட்ச்சுக்குப் பதிலா ஆயில் வழியா சக்தி போற ஆட்டோமேட்டிக்) இருக்கிற மாதிரி இழுவை இதுல கிடையாது.

ஸ்பீட்பிரேக்கர்:
அப்படின்னா பிரேக்கை லேசா விட்டதும் ஏன் வண்டி நகருது?

மெக்கட்ரானிக்:
விட்டதும்தான் பிடிக்குது. மிதிச்சிருக்கும்போது இல்லை. ரெண்டும் ஒண்ணு இல்லைங்கறது புரியணும்.

ஸ்பீட்பிரேக்கர்:
நம்ம ஊர்ல யார் பிரேக்கை முழுசா மிதிச்சிட்டு நிக்கறாங்க? அரை பிரேக்கில ஒரு அடி ஒரு அடியா நகர்த்தறாங்க. அப்ப நியூட்ரல்தானே நல்லது?

நாலாம்கியர்:
ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துலதான் நிக்கறீங்க. முழு பிரேக்னா டி-லயே இருக்கலாம், நியூட்ரல் தேவையில்லை. அரை பிரேக்தான் கொல்றது. அதுக்கு மருந்து நியூட்ரல் இல்லை, இடைவெளி. முன்னாடி வண்டி நகர்ந்ததும் கூடவே ஊராம, ஒன்றரை கார் நீளம் விட்டுட்டு, அப்புறம் ஒரே மூச்சுல 10 கிமீ-க்கு மேல எடுத்துப் போய் முழுசா நிறுத்தணும். நடுவுல ஆட்டோ நுழையும், நுழையட்டும். ஏத்தத்துல ஆக்சிலரேட்டரை மிதிச்சே வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது, பிரேக் பிடிக்கணும். கியர்பாக்ஸ் சூடாச்சுன்னு எச்சரிக்கை வந்தா ஓரங்கட்டி 'பி'-ல (பார்க்) போட்டு ஆற விடணும்.

ஆயில்சட்டி:
ஈர கிளட்ச் இருக்கிற டிசிடியா (ரெண்டு கிளட்ச் ஆட்டோமேட்டிக்கோட பொதுப் பேர்) பார்த்தா இந்தப் பிரச்சனையே இல்லையே. டாடாவோட ஆல்ட்ரோஸ் டிசிஏ, புது நெக்ஸான் டிசிஏ ரெண்டும் ஈர வகைதான்.

கல்லட்டி கொண்டை:
உண்மை, ஆல்ட்ரோஸ்ல 2022-ல வந்தது. ஆனா அவர் கேட்கிறது 2017 செடான், விலையும் வேற. இவருக்குச் சரியா இருக்கிறது ஒண்ணு சொல்றேன். வென்டோவோட உடன்பிறப்பு ஸ்கோடா ராபிட். அதுல 1.6 பெட்ரோல் ஆட்டோமேட்டிக்குக்கு 6 ஸ்பீட் டார்க் கன்வெர்ட்டர். நீங்க பார்த்து வச்ச மேனுவல் வென்டோவில் இருக்கிற அதே 105 குதிரைத்திறன், 153 நியூட்டன் மீட்டர் எஞ்சின். டர்போ இல்லை, உலர் கிளட்ச் இல்லை. ஊர்ந்தா உரசறது ஆயில்தான், அந்தச் சூட்டைக் கூலர் எடுத்துடும். டிராஃபிக்ல மைலேஜ் குறையும், டிஎஸ்ஜியோட சுறுசுறுப்பும் இருக்காது. அதை ஏத்துக்கிட்டா அப்பாவோட முட்டிக்கும் உங்க ராம்ப்புக்கும் இதுதான் பொருந்தும்.

மெக்கட்ரானிக்:
இதை நானும் வழிமொழிகிறேன். ஓஎம்ஆர்ல ஊர்ந்து போகாதவர்னா 1.2 டிஎஸ்ஐ டிஎஸ்ஜியைத்தான் சொல்லியிருப்பேன். திருச்சி ரோட்டுல அதுக்கு நிகரா அந்த விலையில ஒண்ணும் கிடையாது.

வேளச்சேரி_வண்டி:
டிஎஸ்ஜியை காலையில போய்ப் பார்த்தோம். போறதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணி வச்சிருந்தாங்க. சூடானதும் ரிவர்ஸ்ல ஏத்தினா நல்லாவே உதறுது. ஸ்கேன் போட வேண்டாம்னுட்டாங்க. அட்வான்ஸ் கொடுக்கலை. 2018 ராபிட் 1.6 ஆட்டோ ஒண்ணு தாம்பரத்துல இருக்கு, 58,000 கிமீ. அதுல என்ன பார்க்கணும்?

கல்லட்டி கொண்டை:
ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) மாத்தின பில் இருக்கான்னு முதல்ல கேளுங்க. ஆயுசுக்கும் வேண்டாம்னு சொல்வாங்க, நம்ம வெயிலுக்கு 60,000 கிமீ-யில மாத்தறது நல்லது. மொத்தம் சுமார் 7 லிட்டர் பிடிக்கும், சட்டியைத் திறந்தா பாதிக்கும் குறைவாத்தான் இறங்கும். அதனால கொஞ்சம் ஓட்டிட்டு இன்னொரு தரம் மாத்துங்க. அளவு பார்க்கிறப்ப எஞ்சின் ஓடணும், ஆயில் 35-லிருந்து 45 டிகிரிக்குள்ள இருக்கணும், ஸ்கேனர் வச்சுத்தான் பார்க்கணும். ஸ்கேனர் இல்லாம குத்துமதிப்பா ஊத்தற கடைக்குப் போகாதீங்க. ஓட்டும்போது 2-லிருந்து 3-க்கு ஏறுறப்ப எஞ்சின் மட்டும் ஒரு நொடி வீறிட்டா, இல்லை நிக்கப்போற நேரத்துல இடிச்சா, வால்வ் பாடி (ஆயில் பிரஷரால கியரை மாத்தற பகுதி) தேஞ்சிருக்கு. சூடானப்புறம்தான் தெரியும், அதனால இதையும் அரை மணி நேரம் ஓட்டிட்டே முடிவு பண்ணுங்க.

ஸ்பீட்பிரேக்கர்:
டார்க் கன்வெர்ட்டர்லயாவது சிக்னல்ல நியூட்ரல் போடலாம்ல?

மெக்கட்ரானிக்:
நீண்ட சிக்னல்னா போடலாம், எஞ்சினுக்கு இழுவை குறையும். இருபது நொடிக்கு வேண்டாம்.

வேளச்சேரி_வண்டி:
நன்றி எல்லாருக்கும். பில் இருக்காம். சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன்.