2023 டிசம்பர் தாமிரபரணி வெள்ளம்: இன்னும் மனச விட்டுப் போகாத ஒண்ணு சொல்லுங்க

ஏரல்வாசி:
மழை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். 18ம் தேதி விடியக்காலைல தார்சாவுக்குள்ள தண்ணி வந்துட்டு, ஆச்சிய மொட்டமாடி மட்டப்பாவுல உக்கார வச்சுட்டு பக்கத்து வீட்டுத் தொழுவுக்கு ஓடுனேன், அவங்க கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தாங்க. ரெண்டு மாடு. நெஞ்சளவு தண்ணி, செக்கச்செவேல்னு. ஒண்ணோட கயித்த அருவாளால அறுத்துட்டேன். இன்னொண்ணு மிரண்டுபோய் கிட்டயே விடல, முளைக்குச்சி தண்ணிக்கடியில எங்க கிடக்குன்னு துழாவித் துழாவிப் பாக்கேன், கையில சிக்கல. தண்ணி கழுத்துக்கு வந்ததும் திரும்பிட்டேன். மட்டப்பாவுல இருந்து அதோட கழுத்துமணி சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. ஏழு மணி வாக்குல நின்னுட்டு.
சொல்லாம கொள்ளாம அணையத் திறந்துவிட்டதாலதான் இவ்வளவும்.

செந்தூர்ரயில்பயணி:
திருச்செந்தூர்ல இருந்து சென்னைக்குக் கிளம்பி, வெள்ளத்தால ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்லயே நின்ன அந்த ரயில்ல நானும் இருந்தேன். சுமார் 800 பேரு. கொஞ்ச பேர ராத்திரியே பஸ்ல பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, நாங்க ரயில்லயே மாட்டிக்கிட்டோம். அங்கிட்டு தாதன்குளம் பக்கம் ஜல்லியெல்லாம் அரிச்சுட்டுப் போயி தண்டவாளம் அந்தரத்துல தொங்குன போட்டோவ பின்னாடிதான் பாத்தேன், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தா? புதுக்குடி ஊர்க்காரங்க பொங்கிப் போட்டாங்க. ஒரு அக்கா என் பிள்ளைக்கு டம்ளர்ல பால் கொண்டுவந்து குடுத்தாங்க, பேரு கூட கேக்கல நான்.

குளத்துப்பாசனம்:
ஏரல் தம்பி, வருத்தம் புரியுது, ஆனா அணை மேல மட்டும் பழிய போடாதீங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர், அது பாபநாசம் அணைக்கு ரொம்பக் கீழ, கடல் ஓரம். 1992 வெள்ளம் மலையில பெஞ்ச மழை, இது சமவெளியில கொட்டுனது, எந்த அணையும் பிடிச்சு வைக்க முடியாத தண்ணி. ஆத்துல கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம், அதுலயும் மண்ணும் அமலைச் செடியும் மேவிக் கிடக்கு. அதுக்குக் கீழ வடகால் தென்கால் வாய்க்கால்ல பாயுற குளமெல்லாம் நிரம்பி ஒண்ணு உடைஞ்சா அடுத்தது தாங்காது. எங்க ஊர் குளம் உடைஞ்சப்ப இடி இடிச்சதுன்னு நினைச்சேன், அவ்வளவுதான் என் கதை.
இனிமே செய்ய வேண்டியது: ஐப்பசிக்கு முன்னாடியே குளத்து மடையும், மிச்சத் தண்ணி வெளியேறுற கலுங்கும் போய் பாருங்க, கலுங்குல பலகை போட்டு அடைச்சிருந்தா சண்டை போட்டாவது எடுக்கச் சொல்லுங்க. கரையில நண்டு வளை, மரவேர் இருந்தா பஞ்சாயத்துல எழுதிக் குடுங்க. பத்திரம், ரேஷன் கார்டு எல்லாம் பாலிதீன் கவர்ல கட்டி மச்சுல வைங்க. கேஸ் சிலிண்டர மூடி, மிதக்காம கட்டிப் போடுங்க. ஆடு மாட்ட ராத்திரியே அவுத்து விட்ருங்க, அது தானா மேட்டுக்கு ஏறிக்கிடும்.

ஏரல்வாசி:
அண்ணாச்சி, நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். ராத்திரியே அவுத்து விட்ருக்கணும்னு எனக்கும் தெரியும். மேட்டுல நின்ன மாட்ட அவங்க வந்து கூட்டிட்டுப் போனாங்க. இன்னொண்ணு எப்ப போச்சுன்னு கேட்டப்ப தெரியலன்னுட்டேன். மணி சத்தம் கேட்டத இன்னும் அவங்ககிட்ட சொல்லல.