ஓட்டு அம்பு வைத்ததும் குழுவில் பேச்சே மாறிவிட்டது, என்ன செய்யலாம்?

பாம்பன் தம்பி:
பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்துத் தொழில்காரர்களுக்காக ஒரு இணையக் குழு நடத்துகிறோம். பொங்கலுக்கு அப்புறம் ஒவ்வொரு பதிலுக்கும் மேல் அம்பு, கீழ் அம்பு வைத்தோம். அதிக ஓட்டு வாங்கியது தலையில் நிற்கும். போன வாரம் ஒருவர், குந்துகால் பக்கம் நண்டு வலை பாரில் (கடலடிப் பாறையில்) மாட்டிக் கிழிகிறது, எங்கே தள்ளிப் போடலாம் என்று கேட்டார். "நண்டுகிட்டயே கேளு மச்சான்" என்ற பதிலுக்கு நாற்பது ஓட்டு! விவரம் தெரிந்த பெரியவர் அப்போது கடலில் இருந்தார். மறுநாள் மதியம் கரைக்கு வந்து, எந்த இடத்தில் பார் ஏறிக் கிடக்கிறது என்று விளக்கமாக எழுதினார். அது இரண்டு ஓட்டோடு அடியில் கிடக்கிறது. கரையில் போனோடு இருப்பவர்கள்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறார்கள். அம்பையே தூக்கிவிடலாமா?

கீழக்கரை காக்கா:
தம்பி, கோளாறு வரிசையில் இருக்கிறது. வெறும் எண்ணிக்கையை வைத்து அடுக்கினால் முந்தி வந்தவன்தான் ஜெயிப்பான். 2009-ல் ரெடிட் என்ற விவாதத் தளம் கருத்துகளுக்கு 'பெஸ்ட்' என்று ஒரு வரிசை கொண்டுவந்தது. விழுந்த ஓட்டில் ஆதரவு எவ்வளவு, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று அது கணக்குப் போடும். அறுபதில் நாற்பது வாங்கியதைவிடப் பத்துக்குப் பத்து வாங்கியது மேலே போகும். ஆனால் இரண்டே ஓட்டு என்றால் அதுவும் கைகொடுக்காது.

ஆகவே முதல் நாள் எண்ணிக்கையை மறைத்து வை. 2013-ல் சயின்ஸ் இதழில் ஒரு சோதனை வந்தது. ஒரு செய்தித் தளத்தில் புதுக் கருத்துகள் சிலவற்றுக்கு ஆய்வாளர்களே பொய்யாக ஒரு ஆதரவு ஓட்டுப் போட்டார்கள். அடுத்துப் பார்த்தவர் ஆதரவு தரும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. கடைசி மதிப்பெண்ணும் சராசரியாக 25 சதவீதம் ஏறி நின்றது. பொய்யாகப் போட்ட எதிர் ஓட்டை மட்டும் மற்றவர்கள் சரிக்கட்டிவிட்டார்கள்.

சின்னப்பாலம் அக்கா:
சரிக்கட்டினார்களா? எனக்கு யாரும் கட்டவில்லை. கடல்பாசி என்ன விலைக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டேன், வரிசையாகக் கீழ் அம்பு. ஏன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அதிலிருந்து எங்கள் செட்டில் யாரும் அங்கே வாய் திறப்பதில்லை. கீழ் அம்பை எடுத்துவிடுங்கள் தம்பி.

மண்டபம் டிரைவர்:
எடுக்காதீர்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று ஒருவன் புரளி கிளப்பியபோது, கீழ் அம்பு விழுந்துதான் அது மறைந்தது.

கீழக்கரை காக்கா:
இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளத்தில் ஒரு பதிலுக்குக் கீழ் ஓட்டுப் போட்டால் வாங்கியவருக்கு 2 புள்ளி குறையும், போட்டவருக்கும் 1 குறையும். அப்படி ஏதாவது செலவு வை.

பாம்பன் தம்பி:
நம் ஆட்களிடம் புள்ளிக் கணக்கு எடுபடாது காக்கா. மறுநாள் சாயங்காலம் வரை எண்ணிக்கையை மறைக்கிறேன். கீழ் அம்பு போட்டால் காரணம் எழுத வேண்டும்.

மண்டபம் டிரைவர்:
ஐஸ் அள்ளுகிற கையோடு யார் டைப் பண்ணுவது? பேசி அனுப்ப ஒரு பட்டன் வையுங்கள்.